எல்லாச் சூட்டுக்கும் ஒரே விலை

கண்ணாடிக்குள் என் சாரம், நான் இடுப்பில் கட்டுகிற கைலி, கிளிட்டஸின் டீஷர்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது, உச்சியில் ஒரு நொடி யோசிக்கிறது, தொப்பென்று விழுகிறது, திரும்ப ஏறுகிறது, இந்தத் துணி துவைக்கிற மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஏறுவது, விழுவது, ஏறுவது, ஸ்தனிஸ் அப்பா என்ன சொன்னார், எந்த இடமென்று சொன்னார். ஹாஸ்டலின் அடித்தளத்தில் இருக்கிறது இந்த அறை. கூரையை ஒட்டி ஒரே ஒரு சின்ன ஜன்னல், வெளியே அது தெருவின் தரைமட்டம், அதனால் அதில் ஷூ போட்ட கால்களும் சைக்கிள் சக்கரங்களும் மட்டும் போகின்றன, முகமே கிடையாது. கோபன்ஹேகனுக்கு வந்து இறங்கியதிலிருந்து நான் அதிகம் பார்த்தது சைக்கிள் சக்கரங்களைத்தான். நாமளும் ரெண்டு சைக்கிள் வாடகைக்கு எடுப்பமா என்று கிளிட்டஸ் கேட்டான், நடந்தால்தான் ஊர் நன்றாகத் தெரியும் என்று சொன்னது நான், நடந்தோம், ஊர் தெரிந்தது, கால் வீங்கியது. இப்போது அவன் மேலே அறையில் பையைக் கட்டிக்கொண்டிருப்பான். மத்தியானம் இங்கிருந்து ஆஸ்லோவுக்கு ஒரு கப்பல் போகிறது. அதில் அவன் போகிறான். அவன் மட்டும். போவதற்கு முன்னால் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கிறான், சின்ன விஷயம், அவனுடைய அப்பா, ஸ்தனிஸ் அப்பா, ஆஸ்லோவில் எந்த இடத்தில் நின்றதாகச் சொன்னார் என்று. துணி துவைத்து முடிப்பதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். துணி சுற்றுகிறது. நான் யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் விலை.

அந்தக் கணக்கை ஆரம்பித்ததும் நான்தான். கெம்னிட்ஸில், நாங்கள் படிக்கிற அந்த ஜெர்மன் ஊரில், விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து போட்டேன். பார்சல் கிட்டங்கியில் நாங்கள் இரண்டு பேரும் பெட்டி தூக்கிச் சேர்த்த காசு, ஒரு ஊருக்குத்தான் தாங்கும், ஆஸ்லோவா கோபன்ஹேகனா. ஆஸ்லோவில் பத்துப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில் நாலாயிரம் ரூபாய், போர்வைக்குத் தனியாக. கோபன்ஹேகனில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல், போர்வை சேர்த்தி. ஆஸ்லோவில் ஒரு நாள் பஸ் சீட்டு, கோபன்ஹேகனில் ஒரு நாள் பஸ் சீட்டு. ரொட்டி, பால், முட்டை இங்கே. ரொட்டி, பால், முட்டை அங்கே. ஒரு காப்பி. இரண்டு ஊரிலும் காப்பி கொள்ளைதான், ஆனால் ஒரு கொள்ளை இன்னொரு கொள்ளையைவிடக் கொஞ்சம் சின்னது. எல்லாவற்றையும் ரூபாயாக்கித்தான் எனக்கு மனசு ஆறும், யூரோவில் ஒரு விலையைப் பார்த்தால் அது விலை மாதிரியே தெரியாது, ரூபாயாக்கினால்தான் வலிக்கும், வலித்தால்தான் விலை. கிளிட்டஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஏல இசக்கி, நீ செத்தாக்கூட சவப்பெட்டிய ரெண்டு கடையில விசாரிச்சுட்டுத்தாம்ல படுப்ப" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "ஆஸ்லோ போலாமே" என்றான். அன்றைக்கு அதை அவன் மறுபடியும் சொன்னான், சாப்பிடும்போது. தட்டைக் கழுவும்போது இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சொன்னபோது நான் போனைத் திருப்பி அவனிடம் காட்டினேன், இந்தா பாரு, மொத்தத்துல பத்தாயிரம் வித்தியாசம், ஆளுக்கு. ஈரக் கையைத் துடைக்காமல் குனிந்து பார்த்தான். ஒரு சொட்டு போன் மேல் விழுந்தது. "சரில. நீ பாத்துச் சொன்னாச் சரிதான்" என்றான். அந்தச் 'சரி'யைத்தான் நான் இப்போது துவைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஒருத்தன் சாதாரணமாக ஊர் பார்க்கிற ஆசையில் சொன்னால் மூன்று தடவை சொல்லமாட்டான், ஒரு தடவை சொல்வான், விட்டுவிடுவான். மூன்று தடவை சொல்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது என்ன என்று கேட்க எனக்கு ஒரு பைசா செலவாகியிருக்காது.

இன்று காலை, கீழ்த்தளத்துச் சாப்பாட்டு அறையில், நான் கொண்டுவந்த அரிசியில் நான் கொண்டுவந்த புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தேன், பக்கத்து மேஜைக்காரர்கள் மூக்கைச் சுருக்கிப் பார்த்தார்கள், கிளிட்டஸ் தட்டில் கோலம் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் ஆஸ்லோ போறேம்ல, மத்தியானக் கப்பல்ல" என்றான். "டிக்கெட்டு எடுத்துட்டேன். நீ உன் திட்டப்படி பஸ்ஸுல பெர்லின் போ. நான் பொறவு வந்து சேந்துக்கிடுதேன்." நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, எவ்வளவுல. அவன் பையைத் திறந்தான். ஒரு சட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். வெள்ளைச் சட்டை. வெள்ளை என்றால் பழைய வெள்ளை, மடிப்பு மடிப்பாக மஞ்சள் ஏறி, அந்துருண்டை வாசம் அடித்துக்கொண்டு. "அப்பாவுது. ஆஸ்லோவுல இதத்தான் போட்டுருந்தாரு. அவர் நின்ன எடத்துல நான் இதப் போட்டு நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும். அம்மாட்ட தெனமும் இடது கையால இப்பிடி இப்பிடிக் காட்டுதாராம், சட்டைய மாட்டுத மாதிரி. பொறவு போட்டோ புடிக்க மாதிரி." ஸ்தனிஸ் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது எனக்குத் தெரியும், கிளிட்டஸ் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் தெரியும், ஆனால் சட்டை தெரியாது, போட்டோ தெரியாது. "ஏன்ல இத முன்னாடியே சொல்லல" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், கோபமாகக்கூட இல்லை, தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் குழாய் வறண்டிருந்தால் பார்ப்போமே, அப்படி. "உனக்குத் தெரியாதால? உன்கிட்டத்தான சொன்னாரு. நம்ம ஊர்லருந்து கெளம்புததுக்கு மொத நாள் சாயங்காலம். நீ உம் கொட்டிக் கேட்டுக்கிட்டு இருந்த. நான் பக்கத்துலதான் பொட்டி கட்டிக்கிட்டு இருந்தேன்." நான் வாயிலிருந்த சோற்றை விழுங்கினேன். "உனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன். தெரிஞ்சும் கணக்குல கட்டலபோல, சரின்னு விட்டுட்டேன்" என்றான். அவன் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னான். கெம்னிட்ஸிலிருந்து இங்கே வரைக்கும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியபோதும், பாலத்தில் நின்று ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றபோதும், இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், இசக்கிக்குத் தெரியும், தெரிந்தும் பத்தாயிரம் ரூபாய் பெரிதாகிவிட்டது என்று. அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "எந்த எடம்னு சொன்னாருல? நான் என்னைக்கும் அந்தக் கதைய முழுசாக் கேட்டதில்ல. ஆரம்பிச்சாலே எந்திச்சுப் போயிருவேன், அம்பது மட்டம் கேட்டது மாதிரி இருக்கும். கேட்டா பாதிக்கு மேல ஒண்ணுந் தெரியல. நீ ஒருத்தந்தான் கடைசி வரைக்கும் கேட்ட."

கேட்டேன். உம் கொட்டினேன். எங்கள் பக்கம் கதை சொல்கிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து உம் கொட்ட ஒரு ஆள் வேண்டும், உம் நின்றால் கதை நின்றுவிடும், நான் அப்படிக் கதை கேட்டே வளர்ந்தவன், மடியில் தலைவைத்து, தூக்கத்தில்கூட உம் சொல்லப் பழகின வாய் இது. அந்தப் பழக்கம்தான் வினை. என் காது எங்கே போனாலும் வாய் தானாக உம் சொல்லும், சரியான இடத்தில், சரியான இறக்கத்தோடு, கதை சொல்கிறவருக்குச் சந்தேகமே வராது. தூத்துக்குடியில் அவர்கள் வீட்டு மொட்டைமாடி. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று, உப்பும் கரியும் கலந்து. ஸ்தனிஸ் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், முப்பது வருஷம் கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர், நிலத்தில் உட்காரும்போதும் எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். என் கையில் போன். மறுநாள் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி கெம்னிட்ஸுக்கு ரயிலில் போவதா பஸ்ஸில் போவதா. அவர் சொல்கிறார், எங்க கப்பல் ஆஸ்லோவுல நின்னுச்சு தம்பி, எறங்கிக்கலாம்னுட்டான். உம். ரயில் எட்டாயிரத்து நூறு. கல்யாணத்துக்குத் தச்ச சட்டை, பொட்டி அடியில இருந்துச்சு, அத எடுத்து மாட்டிக்கிட்டேன். உம். பஸ் மூவாயிரத்து இருநூறு, ஆனால் இரண்டு பெட்டிக்கு மேல் தனிக் காசு. எஞ்சின் ரூம்லயே கெடந்தவனுக்கு அந்த வெளிச்சத்துல கண்ணு கூசுது. உம். ஒரு கோட்டை இருந்துச்சு, கடலப் பாத்துக்கிட்டு. உம். அதுக்குக் கீழ படிக்கட்டு. படிக்கட்டு என்றாரா? படிக்கட்டா, சரிவா? ஒரு வெள்ளைக்காரம்மா, கழுத்தில் கேமரா. இது இருக்கிறது, இது நன்றாக இருக்கிறது, ஏனென்றால் அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார், நான் அப்போது நிமிர்ந்து பார்த்தேன். அந்தம்மா உன்னை ஒரு படம் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டாள். இவர் போய் சாய்ந்து நின்றார். "நான் போயி அங்கன சாஞ்சு நின்னேன் பாத்துக்க." எதில்? எதில் சாய்ந்து? அந்த இடத்தில் எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்றால், மூன்றாவது பெட்டிக்கு ஆயிரத்து எழுநூறு. அவ்வளவுதான். அவர் வாய் அசைகிறது, நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டுகிறார், இந்த உயரம் என்று காட்டுகிறார், ஏதோ ஒன்று, ஒரு பீரங்கி, ஒரு மரம், ஒரு கல், ஒரு கம்பி, அவர் சொல்லிவிட்டார், அந்த வார்த்தை காற்றில் வந்து என் காதுவரைக்கும் வந்தது, நான் உம் என்றேன், மூன்றாவது பெட்டிக்கு ஆயிரத்து எழுநூறு. அப்புறம் அந்தம்மா விலாசம் எழுதி வாங்கிக்கொண்டாள், படத்தை அனுப்புகிறேன் என்றாள். வரவில்லை. கப்பல் கம்பெனி விலாசத்துக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. "என்னைக்காவது வரும்னுதான் இருந்தேன் தம்பி." உம். "இப்பம் நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டுத்தான போறீய." உம். அந்த உம்மை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ. சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொண்டுதான் எழுந்து கீழே போனார்.

தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கிறது, மெஷின் மூச்சுவிட்டுவிட்டு மறுபடி குடிக்கிறது. நல்லதாக ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் இந்தத் துணியை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில் அவன் அப்படிக் கேட்டதும், "கொண்டா, சட்டைய வெளுத்துத் தாரேன், மஞ்சளாப் போட்டு போட்டோ எடுக்கக்கூடாது" என்று அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். யோசிக்க ஒரு இடம் வேண்டும், அதற்கும் இது வசதி. கீழே வந்து கார்டைத் தேய்த்தேன், நாற்பது குரோனர், ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு சட்டையை மட்டும் போட்டால் பாதி வயிறு காலியாகச் சுற்றும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அதனால் திரும்ப மேலே ஓடி அவன் டீஷர்ட், என் பேன்ட், உள்ளாடை, துண்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து திணித்தேன். அப்புறம் தண்ணீரின் சூட்டை வைக்கிற திருகு. முப்பது, நாற்பது, அறுபது, தொண்ணூறு. எதில் வைத்தாலும் விலை அதேதான். எல்லாச் சூட்டுக்கும் ஒரே விலை. யாராவது முப்பதில் வைப்பார்களா? சாப்பாட்டுக் கடையில் ஒரே காசுக்கு அரைச் சாப்பாடும் முழுச் சாப்பாடும் போட்டால் யார் அரை வாங்குவார்கள்? தொண்ணூறில் வைத்தேன். வைத்துவிட்டு, பரவாயில்லை, இன்றைக்கு ஒரு காரியமாவது சரியாக நடக்கிறது என்று ஒரு திருப்தி வந்தது, அந்தத் திருப்தியோடுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

சாரம். எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், கண்ணில் பட்டும் மண்டைக்குள் ஏறாமல் இருந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நுரை வெள்ளையாக இல்லை. நீலம். இளநீலம் என்று சொல்லலாம் இப்போதைக்கு. அம்மா கோவில்பட்டியில் வாங்கிக் கொடுத்துவிட்ட புதுச் சாரம், கருநீலத்தில் கட்டம் போட்டது, வெளியூர் போகும்போது கட்டலாம் என்று ஒரு வருஷம் மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தேன், இங்கே வந்த அன்றைக்குத்தான் பிரித்தேன். புதுச் சாரத்தை யாராவது மற்ற துணியோடு போடுவார்களா. எங்கள் வீட்டில் புதுச் சாரம் வந்தால் தனி வாளி, கல்லுப்பு ஒரு கை, ஒரு ராத்திரி ஊறல், மறுநாள் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் இங்க்கைக் கொட்டினது மாதிரி இருக்கும், அம்மா அதைச் செடிக்குக்கூட ஊற்றமாட்டாள். அப்பாவின் வேட்டி கிடக்கிற கொடியில்கூட முதல் மூன்று துவைப்புக்கு அது ஏறாது. பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எழுந்துபோய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை திறக்காது, சின்னதாக ஒரு பூட்டுப் படம் சிவப்பாக எரிகிறது. பொத்தானை அமுக்கினேன், எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன், டேனிஷ் மொழியில் ஏதோ எழுத்து வந்து போனது, சுற்றுவது நிற்கவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். கொதிக்கிறது. தொண்ணூறு. கொடுத்த காசுக்கு மேலாகவே வேலை செய்கிறது. சாரம் ஏறுகிறது, சட்டை ஏறுகிறது, சாரத்தின் ஒரு முனை சட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கூடவே விழுகிறது. ஸ்தனிஸ் அப்பா கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. பெட்டிக்கு அடியில் வைத்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் ஒரே ஒரு ஊரில் எடுத்து மாட்டின சட்டை. அதன் கை ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டி, வழுக்கி, போகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக என் சாரத்தின் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் செய்ய ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன். பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

ஒன்று இப்போது உறைக்கிறது, இப்போது உறைத்து என்ன. கோபன்ஹேகனிலிருந்து ஆஸ்லோவுக்குக் கப்பல் டிக்கெட்டை நான் கணக்கில் போக்குவரத்துச் செலவென்று எழுதினேன். ஆனால் அந்தக் கப்பல் ராத்திரி முழுக்கப் போகிறது. அதில் படுக்கலாம். படுத்தால் ஒரு ராத்திரிக் கட்டில் வாடகை மிச்சம். திரும்பி வரும்போது இன்னொரு ராத்திரி மிச்சம். அதைக் கழித்திருந்தால் அந்தப் பத்தாயிரம் வித்தியாசமே கிடையாது, இரண்டாயிரமோ மூவாயிரமோதான், இரண்டு ஊரையும்கூடப் பார்த்திருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரன் என்று பேர். கணக்கும் தப்பு. கதையும் இல்லை, கணக்கும் இல்லை, பின்னே எதற்காக அன்றைக்கு மொட்டைமாடியில் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்து ஆஸ்லோ துறைமுகம் என்று போட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டு போகிறேன். கோட்டை இருக்கிறது, கடலைப் பார்த்துக்கொண்டு. அதற்குக் கீழே சுவர், புல், பீரங்கிகள், விளக்குக் கம்பங்கள், கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுகிற குட்டை இரும்புத் தூண்கள், மரங்கள், பெஞ்சுகள். எதில் வேண்டுமானாலும் ஒரு மனுஷன் சாய்ந்து நிற்கலாம். ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. பீரங்கி. பீரங்கி என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும். கிளிட்டஸ் நம்புவான், தேடிப் போய் அதில் சாய்ந்து நிற்பான், படம் எடுப்பான், அனுப்புவான். தூத்துக்குடியில் அந்தப் படத்தைக் கிளிட்டஸின் அம்மா போனில் பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஸ்தனிஸ் அப்பா பார்ப்பார். அது இடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். சொல்ல அவருக்கு வாய் இல்லை. வலது கை வராது, இடது கையால் இல்லை இல்லை என்று ஆட்டுவார், அது ஆனந்தத்தில் ஆட்டுகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். மெஷின் இப்போது வேகமெடுத்துச் சுற்றுகிறது, துணியெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு ஓட்டை, உம்ம்ம் என்று ஒரே நீளமாக ஒரு சத்தம். யாரும் எதுவும் சொல்லாமலே உம் கொட்டுகிறது.

கிளிட்டஸ் படியில் இறங்கி வருகிற சத்தம் எனக்குத் தெரியும், கடைசிப் படியை எப்போதும் தாண்டித்தான் குதிப்பான். பையை முதுகிலேயே மாட்டியிருந்தான். "ஆச்சால?" என்றான். ஆச்சு என்று சொல்வதற்குள் மெஷினே நின்று க்ளிக் என்று பூட்டை விட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவன்தான் குனிந்து கதவைத் திறந்தான், ஆவி அடித்தது, கையை விட்டுத் துணியைக் கலைத்து, சட்டையின் கழுத்தைச் சாரத்திலிருந்து பிரித்து எடுத்தான். உதறினான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். ஒரே சீரான நீலமாகக்கூட இல்லை, முதுகில் திட்டுத் திட்டாக, கழுத்துப் பட்டையில் என் சாரத்தின் கட்டம் ஒன்று அச்சு விழுந்தது மாதிரி. அந்துருண்டை வாசம் போயிருந்தது. அதன் வழியாக வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாக விழுந்தது. அவன் எதையாவது சொல்வான், கத்துவான், ஒரு அடி அடிப்பான் என்று பார்த்தேன். சட்டையை இறக்கிக் கையில் போட்டுக்கொண்டு, சுவரிலிருந்த இன்னொரு மெஷினைக் காட்டி, "காய வைக்கதுக்கு எவ்வளவுல?" என்றான். "முப்பது குரோனர். ஆனா ஒரு மணி நேரம் ஓடும்" என்றேன். நினைக்கவே வேண்டியிருக்கவில்லை, நாக்கின் நுனியில் இருந்தது, மற்றது எதுவும் இல்லாத அந்த நாக்கில் அது மட்டும் தயாராக உட்கார்ந்திருந்தது. கிளிட்டஸ் தலையை ஆட்டிக்கொண்டான். "நேரம் கெடையாது. கப்பல் மேல்தட்டுல காத்தடிக்கும், காஞ்சிரும்." அப்புறம் ஸ்டூல் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான், பை முதுகோடு சுவரில் இடிக்க. "சரி சொல்லு. எந்த எடம்?"

நான் சொன்னேன். கப்பல் நின்னுச்சாம், எறங்கிக்கலாம்னுட்டாங்களாம் என்று ஆரம்பித்தேன். அவன் "உம்" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான், அப்படி ஒரு உம்மை நான் யாருக்கும் கொட்டினதில்லை. பொட்டி அடியில இருந்து சட்டைய எடுத்துப் போட்டாராம். உம். எஞ்சின் ரூம்ல இருந்து வந்ததுல வெளிச்சத்துல கண்ணு கூசுச்சாம். "உம்" என்றான், லேசாகச் சிரித்தான், அவனுக்கும் அது புதிது. கடலப் பாத்து ஒரு கோட்டை. கழுத்துல கேமரா போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா. உம். படம் எடுக்கட்டுமான்னு சைகையில கேட்டாளாம். உங்கப்பா போயி அங்கன சாஞ்சு நின்னாராம். "உம்." பீரங்கி என்ற வார்த்தை வாய்க்குள் வந்து நின்றது. அவன் கையிலிருந்த சட்டையிலிருந்து நீலமாக ஒரு சொட்டு தரையில் விழுந்தது, அப்புறம் இன்னொன்று. "எதுல சாஞ்சு நின்னாருன்னு நான் கேக்கலல" என்றேன். "உம் மட்டுந்தான் கொட்டுனேன். போன்ல வெல பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாது." அவன் கண்ணை எடுக்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை, இன்னும் ஏதோ வரும் என்பது மாதிரி கொஞ்ச நேரம் இருந்தான். வரவில்லை என்றதும், "உம்" என்றான். எழுந்து பையைச் சரிசெய்துகொண்டு, மற்ற துணிகளைத் தொடாமல், சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறிப் போனான்.

நானும் வாரேன்ல என்று ஒரு வார்த்தை இருக்கிறது. துவைக்க ஆரம்பித்ததிலிருந்து அதைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது, காலையிலேயே டிக்கெட் எவ்வளவு என்று கேட்டதுகூட அதற்காகத்தானோ என்னவோ, அவனுக்கு அது அப்படிக் கேட்டிருக்காது. என் சாரத்தை வெளியே எடுத்தேன். இவ்வளவு சாயம் போயும் அது வெளுக்கவே இல்லை, புதிது மாதிரியே இருக்கிறது. ஜன்னலில் ஒரு சைக்கிள் சக்கரம் போனது, ஒரு குழந்தையின் சிவப்பு ஷூ போனது. அப்புறம் கிளிட்டஸின் ஷூ வந்தது, பார்சல் கிட்டங்கியில் பெட்டி விழுந்து முனை நசுங்கினது, எனக்கு நன்றாகத் தெரியும். போய்விடும் என்று நினைத்தேன். நின்றது. அதன் பக்கத்தில் நடைபாதைக் கல்லில் நீலமாக ஒரு பொட்டு விழுந்தது. பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறானோ, அம்மாவுக்குப் போன் போடுகிறானோ, யாருக்காவது காத்திருக்கிறானோ. ஒரு காலை மடக்கி, உடம்பின் பாரத்தைப் பின்னால் கொடுத்து, எதிலோ சாய்ந்து நிற்கிறான். ஸ்டூலில் ஏறி ஜன்னலோடு கன்னத்தை வைத்து, முடிந்தவரைக்கும் கழுத்தை வளைத்துப் பார்க்கிறேன். முட்டிக்கு மேல் தெரியவில்லை. எதில் சாய்ந்து நிற்கிறான் என்று இங்கிருந்து தெரியவில்லை.